ஒன்றாம் நம்பர் லயம்

மெராந்தி ஹிலிர் தோட்டம், மந்தின்
2 மார்ச் 2024, சனி

அன்புள்ள ரோகினி,

அண்ணி விமலா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். உன் அண்ணனுக்கு இடுப்பு வலி விட்டு, மறுபடியும் பழ லோரியை எடுத்துவிட்டார். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? லோபாக் கடைச் சோற்றையே தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஐஸ் பெட்டிக்குள் ஐந்து போத்தலும் இருக்கின்றன. ஐந்து லயத்து வீட்டு வரிசைக் குழாயிலும் காலை ஐந்தரைக்கு, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் முன்பு பிடித்தது. வீரமுத்து அண்ணன் காய்கறி வேனில் ஏற்றிவிடுகிறேன்.

போன பெட்டி திரும்பி வந்தபோது நீ வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். ஏழு மாதமாக நான் பிடித்து அனுப்பும் தண்ணீரில் எவ்வளவு உரம் இறங்கியிருக்கிறது என்று காட்டும் படம் என்றாய். சரி, ஐந்து கம்பம் நிற்கிறது. கம்பத்துக்குக் கீழே லயத்துப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறதே, அது என்ன கூத்து? ஆத்தோர லயம், பத்துக்கதவு, கோயில் லயம், புது லயம், ஆபீஸ் லயம் என்று ஒவ்வொரு போத்தலிலும் டேப் ஒட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதி அனுப்புகிறேன். அதெல்லாம் எங்கே போனது?

என்னோடு மருந்தடிக்கிற பெண்கள் படத்தைப் பார்க்க வந்தார்கள். "நம்ம லயம் எது அக்கா?" என்று பக்கத்து வீட்டு மாதவி கேட்டாள். கட்டத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனில் கேட்கலாமென்றால் ஆத்தோர லயத்தில் கோடே வருவதில்லை. கோயில் மேட்டுக்கு ஏறிப் பேசினால் தோட்டம் முழுக்கக் கேட்கும். அதனால் எழுதிவிட்டேன். பதிலைப் பெட்டியிலேயே வை.

உன் அண்ணி,
விமலா


லோபாக், சிரம்பான்
16 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதமும் போத்தல்களும் ஒன்றாக வந்தன. நான் நலம். அண்ணன் லோரி ஏறும்போது இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்.

கட்டம் வந்ததற்கு நான் காரணமில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைச் சாதாரணமாகத் தட்டெழுத விட மாட்டார்கள். லாடெக் என்று ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அப்படியே ரப்பர் பாலின் லேட்டக்ஸ், சொல்லும்போது மட்டும் லாடெக். படத்தை வரைவது ஒரு புரோகிராம். அதை லாடெக்குக்கு அனுப்பும்போது கம்பத்தின் கீழே வரும் பெயர்கள், ஓரத்தில் வரும் எண்கள் எல்லாம் எழுத்தாகவே போகும். அங்கே போனபிறகு லாடெக்தான் அவற்றை அச்சுக் கோக்கும். அதற்குத் தமிழ் தெரியாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் கட்டம் போட்டுவிடுகிறது.

ஒரு தடவை கட்டம் போய் எழுத்து வந்தது. "கோயில்" என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ககரம் தனியாக நின்றது. நாலு நாள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சரியானதும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரோகினி


மெராந்தி ஹிலிர்
30 மார்ச் 2024

அன்புள்ள ரோகினி,

இங்கு வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி குறையில்லை. நீ சுகம்தானே?

உன் கடிதத்தைப் படித்து உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "ரப்பர் மரத்த வெட்டி செம்பன வெச்சு இருவது வருசமாச்சு, இவ இன்னும் லேட்டக்ஸ்ல எழுதுறாளாம்லா" என்று பெரட்டுக் களம் வரைக்கும் சொல்லிவிட்டார். இப்போது எல்லாரும் உன்னைப் பால்வெட்டுக்காரி என்கிறார்கள்.

சிரிப்பு வேறு, விஷயம் வேறு. தமிழ் தெரியாத சாமானை வைத்துக்கொண்டு எங்கள் தண்ணீரைப் பற்றி எழுதச் சொன்னது யார்? கொம்பையும் காலையும் பிடித்துச் சரியான இடத்தில் வைக்கத் தெரியாததற்கு என்ன பெரிய படிப்பு? உன்னைத் திட்டவில்லை, அதைத் திட்டுகிறேன். நீ எப்பாடு பட்டாவது பெயரைப் போடு. ஆபீஸ் புத்தகத்தில் நாம் வெறும் நம்பர்தான். உன் படத்திலாவது பெயரோடு இருப்போம் என்று பெண்கள் ஆசைப்படுகிறார்கள். மாதவிக்கு மாதம் நெருங்கிவிட்டது. அவள்கூடத் தினம் கேட்கிறாள்.

உன் அண்ணி,
விமலா


லோபாக்
27 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

படம் வந்துவிட்டது! இத்துடன் வைத்திருக்கிறேன். லாடெக்கிலேயே புது வகை ஒன்று இருக்கிறது, அதற்குத் தமிழ் எழுத்துருவைக் காட்டிக் கொடுத்தால் ஒழுங்காகக் கோக்கிறது. பெயர்கள் நீளமாக இருந்ததால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அதனால் சாய்த்து வைத்தேன். கோயிலின் கொம்பு இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். படத்தில் குறுக்கே ஓடும் சிவப்புக் கோடு பத்து. ஒரு லிட்டர் தண்ணீரில் இந்த உரச்சத்து பத்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாலு லயம் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. ஆத்தோர லயம் பத்தொன்பது. நம் வீட்டுத் தண்ணீர்தான் அண்ணி.

பயப்படாதீர்கள். நான் அறிக்கை கொடுத்ததும் அதைப் பார்த்து, மோசமான ஒரு லயத்துக்குப் பெரிய பில்டர் ஒன்று வைத்துத் தருவதாகத் தோட்டக் கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. அதுவரை குடிக்கவும் சமைக்கவும் புது லயத்துக் குழாயிலிருந்து தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள். ரொம்ப நாள் ஆகாது.

அன்புடன்,
ரோகினி


மெராந்தி ஹிலிர்
11 மே 2024

அன்புள்ள ரோகினி,

சளி விட்டதா? தூதுவளை வைத்திருக்கிறேன், காயவைத்தது, போத்தலுக்கு அடியில் பார்.

மாதவிக்குப் பெண் குழந்தை. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். தாய்ப்பால் போதவில்லை என்று டின் பாலும் கலக்கிறாள்.

படத்தைக் கோயில் சுவரில் ஒட்டி வைத்தோம். ஒவ்வொருத்தியும் வந்து தன் லயத்தைத் தேடித் தொட்டுப் பார்த்தாள். பெயரெல்லாம் கள்ளுக்கடை வாசலில் நிற்கிறவன் மாதிரி சாய்ந்து கிடக்கிறது, ஆனாலும் பெயர் பெயர்தான். அதன் பிறகு சிவப்புக் கோட்டை விளக்கிச் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்த முகமெல்லாம் செத்துவிட்டது. எத்தனை வருஷமாக இந்தத் தண்ணீரை உலையில் வைத்தோம்! செம்பனைக்கு மூட்டை மூட்டையாக உரம் போட்டதும் நம் கைதான், அது இறங்கிய தண்ணீரைக் குடித்ததும் நம் வயிறுதான்.

புது லயத்துக்குப் போய்த் தோங்கில் பிடித்துக்கொண்டு வருகிறோம். மேடு ஏறி அரை மைல். வயசானவர்கள் போக முடியவில்லை. சீக்கிரம் அறிக்கையைக் கொடு. பெயரை மட்டும் மாற்றிவிடாதே.

உன் அண்ணி,
விமலா


லோபாக்
1 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? நான் நலம். வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன்.

அறிக்கையையும் ஆய்வேட்டையும் நேற்று ஒப்படைத்துவிட்டேன். கடைசி நேரத்தில், என் ஆய்வைப் பார்க்கும் சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து ஒத்துவரவில்லை. படத்தில் சின்ன மாற்றம் செய்ய வேண்டியதாயிற்று. எண்ணெல்லாம் அதேதான்.

12ஆம் தேதி தோட்டத்து ஆபீசில் பில்டர் பற்றிக் கூட்டம். சூப்பர்வைசரின் காடியில் வந்து உடனே திரும்ப வேண்டும். வீட்டுக்கு வர நேரம் கிடைக்குமா தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதவி அக்கா குழந்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரோகினி


மெராந்தி ஹிலிர்
29 ஜூன் 2024

ரோகினி,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய்.

ஆபீஸ் வரைக்கும் வந்தவள் ஒரு வாய்க் காப்பி குடிக்காமல் போனாய். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெரிய மனுஷர்களோடு வந்தவள் என்று விட்டுவிட்டேன். நேற்று பில்டர் வந்தது. லோரியில் இருந்து இறக்கி, சிமெண்டு போட்டு, குழாய் மாட்டினார்கள். எங்கே தெரியுமா? ஆபீஸ் லயத்தில். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டு வாசலில். இத்தனை வருஷம் நாம் தொண்டை வற்றக் கேட்டு வராத சாமான் பதினாறே நாளில் அங்கே போய் நிற்கிறது. அவர்கள் தண்ணீர் இரண்டு, நம் தண்ணீர் பத்தொன்பது. நீதானே சொன்னாய்?

நாலு பெண்களோடு ஆபீசுக்குப் போய் மெனேஜரை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். அவர் உன் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். உயரமான கம்பத்துக்குக் கீழே பெயர் இல்லை. ஒன்று என்று போட்டிருக்கிறது. "ஒன்றாம் நம்பர் லயம்னா எங்க ரெக்கோட்ல ஆபீஸ் லயம்தானே" என்கிறார். உனக்குப் புரிகிறதா என்ன நடந்தது என்று? நீ ஆற்றங்கரையில் பிறந்தவள், ஆற்றிலிருந்து எண்ணியிருக்கிறாய். ஆடித் திருவிழாவில் முதல் நாள் உபயம் ஆத்தோர லயம், இரண்டாம் நாள் பத்துக்கதவு, கடைசி நாள் ஆபீஸ் லயம். நமக்கு அதுதான் ஒன்று இரண்டு. ஆபீஸ் புத்தகம் ஆபீஸ் கேட்டிலிருந்து எண்ணுகிறது. கோயில் லயத்துக்கு மட்டும் கவலையில்லை, எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மூன்று.

இது தெரியாமல் செய்ததாகவே இருக்கட்டும். இங்கிலீஷ் எழுத்திலாவது ஆத்தோரம் என்று போட்டிருக்கக் கூடாதா? சின்ன மாற்றம் என்று எழுதினாயே, இதுவா சின்னது? கூட்டத்தில் ஒன்றாம் நம்பர் எது என்று பேச்சு வந்திருக்குமே. அப்போது நீ வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

மாதவிக்கு இன்னும் தையல் ஆறவில்லை, தோங் தூக்க முடியாது. பில்டர்தான் வரவில்லையே என்று வீட்டுத் தண்ணீரையே இரண்டு தடவை கொதிக்கக் காய்ச்சிக் குழந்தைக்குப் பால் கலக்கிறாள். நாங்கள் முடிந்தபோது கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உடனே பதில் போடு. வீரமுத்து அண்ணன் காத்திருப்பார்.

விமலா


மெராந்தி ஹிலிர்
20 ஜூலை 2024

ரோகினி,

உறையில் போடவில்லை. ஆத்தோர லயத்துப் போத்தலில், பெயர் எழுதும் இடத்தில் சுற்றி ஒட்டியிருக்கிறேன். போத்தலையாவது கையில் எடுப்பாய் அல்லவா?

இரண்டு பெட்டி திரும்பி வந்துவிட்டது. போத்தலைக் கழுவிப் பளபளவென்று அனுப்பியிருந்தாய். ஒரு வரி இல்லை.

செவ்வாய்க்கிழமை மாதவி குழந்தைக்கு உதடும் நகமும் நீலமாகிவிட்டது. உன் அண்ணன் பழ லோரியிலேயே சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். குழந்தையைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன தண்ணீரில் பால் கலக்குகிறீர்கள் என்பது. "நல்லாக் காய்ச்சித்தான் டாக்டர்" என்று மாதவி திரும்பத் திரும்பச் சொன்னாளாம். காய்ச்சினால் இது போகாது என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். உனக்கு எப்போது தெரியும்?

குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்னும் வார்டில் இருக்கிறது.

விமலா


லோபாக்
27 ஜூலை 2024

அண்ணி,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை. குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டதா என்று மட்டும் கேட்கிறேன்.

உங்கள் ஜூன் 29 கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை. உறையின்மேல் என் பெயரை அழுத்தி எழுதியிருந்ததைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது. இழுப்பறையில் போட்டேன். போத்தலில் ஒட்டியிருந்ததைப் படித்த பிறகுதான் அதைப் பிரித்தேன். மாதவி அக்கா காய்ச்சிக் கொடுக்கிறார் என்று கடைசிப் பத்தியில் இருக்கிறது. காய்ச்சினால் இந்த உரம் போகாது அண்ணி, தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். நான் படிப்பதே இதைத்தான். ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும், பில்டர் வந்துவிடும் என்று விட்டேன். ஜூனில் கடிதத்தைப் பிரித்திருந்தால் அன்றே ஓடி வந்திருப்பேன். பதினேழு நாள் அது என் மேசைக்குள் கிடந்த பிறகுதான் குழந்தை நீலமாயிற்று.

கொழுக்கட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் கொடுத்த பக்க அமைப்பு பழைய லாடெக்கில்தான் ஓடும். சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரில் அதில் போட்டதும் தமிழ்ப் பெயர்கள் மறுபடியும் கட்டமாயின. பகல் பன்னிரண்டு மணிக்குக் கெடு, அப்போது பதினொன்றரை. எண் போட்டுவிடு, பார்க்கவும் சுத்தமாக இருக்கும் என்றார் சூப்பர்வைசர். கை தானாக ஆற்றிலிருந்து எண்ணியது. எது எந்த லயம் என்று கீழே ஒரு அட்டவணை போட நினைத்தேன், போடவில்லை. அதுவரைக்கும் தவறு.

கூட்டத்தில் மெனேஜர் படத்தைத் திரையில் காட்டினார். உயரமான கம்பத்தைத் தொட்டு, "லயம் ஒன்று, நம்முடைய ஆபீஸ் ஆட்கள் வீடு" என்று மலாயில் சொன்னார். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. கையைத் தூக்கினால் போதும். தூக்கினால் பெயர்களை ஏன் எடுத்தாய் என்று எல்லார் முன்பும் கேட்பார்கள், அறிக்கை திரும்பும், வாய்மொழித் தேர்வு தள்ளிப்போகும். சூப்பர்வைசர் தலையாட்டிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன். காடியில் ஏறியதும் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு நாளைக்கு என்று நினைத்தேன்.

இத்துடன் சரியான படமும் ஒரு கடிதமும் இருக்கின்றன. படத்தைத் தனியாகப் புது வகையில் கோத்து ஒட்டியிருக்கிறேன், ஐந்து பெயரும் இருக்கின்றன. சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் அச்சுப் பிழை என்று எழுதச் சொன்னார், அதை மட்டும் அப்படியே எழுதிவிட்டேன். மெனேஜரிடம் கொடுங்கள். தேர்வு ஆகஸ்ட் 26, திங்கள். முடிந்ததும் வந்து மாதவி அக்கா காலில் விழுகிறேன்.

ரோகினி


மெராந்தி ஹிலிர்
17 ஆகஸ்ட் 2024

ரோகினி,

குழந்தை வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது, பால் குடிக்கிறது. பெண்கள் முறை வைத்துப் புது லயத்திலிருந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உன் அண்ணனும் நானும் சுகம்.

உன் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். மாதவியிடம் படித்துக் காட்டவில்லை. காலில் விழுகிறேன் என்றெல்லாம் எழுதாதே. அவள் காலில் நீ விழுந்தால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? எனக்கு உன்மேல் இருக்கிற கோபம் பெயர் போட்டதிலோ போடாததிலோ இல்லை. தெரிந்துகொண்டே தலையாட்டினாயே, அதில்தான். அந்நியப் பெண் என்றால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன். நீ இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்.

பேப்பரை மெனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். படித்துப் பார்த்து மேசையில் வைத்தார். "அச்சுப் பிழைன்னுதானே போட்டிருக்கு? அந்தப் பொண்ணே இங்க உக்காந்து சரின்னு தலையாட்டுச்சு. இப்ப ஊர்க்காரங்க சொல்லி மாத்தி எழுதுது போல" என்றார். சிமெண்டு போட்டதை இடிக்க முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் சொன்னார். பார், நாங்கள் உன்னை மிரட்டி எழுத வைத்தவர்களாகிவிட்டோம்.

கம்பெனியின் பெரிய அதிகாரி 26ஆம் தேதி காலை கோலாலம்பூரிலிருந்து தோட்டத்துக்கு வருகிறார். அதற்கப்புறம் தீபாவளி கழித்துத்தான் வருவார். அன்றைக்கு மருந்து பம்ப்பைத் தோளில் மாட்டுவதில்லை என்று முப்பத்திரண்டு பெண்களும் முடிவு பண்ணியிருக்கிறோம். பெரட்டுக் களத்திலேயே உட்காரப் போகிறோம். மாதவி குழந்தையோடு வருகிறாள். நாங்கள் எதைச் சொன்னாலும் மெனேஜர் உன் தலையாட்டலைத்தான் சொல்வார். அதற்குப் பதில் எங்களிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது.

அன்றைக்கு உனக்குப் பரீட்சை என்று எழுதியிருந்தாய். தெரிந்துதான் கேட்கிறேன்.

விமலா


லோபாக்
24 ஆகஸ்ட் 2024, சனி

அன்புள்ள அண்ணிக்கு,

குழந்தை பால் குடிக்கிறது என்று எழுதியதை இன்று காலைகூட எடுத்துப் படித்தேன். நீங்களும் அண்ணனும் சுகமாக இருங்கள். நான் நலம்.

தேர்வை ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு அடுத்த தேதி பிப்ரவரியில்தான் என்றார்கள். சூப்பர்வைசர் என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். தோட்டத்துக்குப் போனால் அறிக்கையில் அவர் பெயரும் கெடும், இனித் தன்னிடம் வர வேண்டாம் என்றார். அவர் இல்லாமல் பிப்ரவரியில் யார் என்னைத் தேர்வுக்கு அனுப்புவார் என்று தெரியவில்லை. தேர்வுக்கு வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நாளை மந்தின் பஸ்ஸில் வருகிறேன். அண்ணனை ரோட்டுக்கு வரச் சொல்லாதீர்கள், நடந்தே வருகிறேன். முதலில் மாதவி அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவர் கதவைத் திறக்காவிட்டால் நம் வீட்டுக்கு வருகிறேன். நீங்களும் திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டுச் சோறு போடுங்கள்.

திங்கட்கிழமை பேச வேண்டியதைத் தமிழில் ஒரு தாளும் மலாயில் ஒரு தாளுமாக எழுதி வைத்திருக்கிறேன். அச்சுப் பிழை என்ற சொல் இரண்டிலும் இல்லை. முதல் வரி இதுதான்: "உயரமான கம்பம் ஆத்தோர லயம். அன்று உங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு அது தெரியும்."

உங்கள்,
ரோகினி